மண்ணுள் இட்ட நஞ்சு: வேர்ப்புழு ஒழிப்பின் வரலாறும் கரவெட்டியின் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாய வரலாற்றை எழுதப் புகுவோர் காணியுரிமை, அடிமை குடிமை முறை, புகையிலை வாணிகம், துலாவிலிருந்து இறைப்பு இயந்திரத்துக்கு நிகழ்ந்த மாற்றம் ஆகியவற்றையே பெரும்பாலும் முதன்மைப்படுத்துவர். அது நியாயமானதே. எனினும் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்துள் நடைபெறும் போராட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பயிரின் வேரைத் தின்னும் வண்டுக் குடம்பிக்கும் அதைக் கொல்ல மண்ணுள் இடப்பட்ட நஞ்சுக்கும் இடையிலான போராட்டம் அது. அந்நஞ்சு எந்த நிலத்துக்காக, எவருடைய தேவைக்காக ஆக்கப்பட்டது, அது வடமராட்சிக் கமக்காரனின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பவற்றைக் கரவெட்டியை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே எமது நோக்கம்.

முதலில் உயிரியைப் பற்றிச் சில சொற்கள். வெண்புழு எனவும் வேர்ப்புழு எனவும் நாம் வழங்குவது தனியொரு பூச்சியன்று. பலவகை வண்டினங்களின் இளம்பருவத்துக்கு இட்ட பொதுப்பெயர். தடித்த வெண்ணிற உடல், கபில நிறத் தலை, மூன்று சோடிக் கால்கள், எடுத்துக் கையில் வைத்தால் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும் இயல்பு ஆகியவற்றால் இதனை எவரும் இனங்காணலாம். தாய் வண்டு மண்ணில் முட்டையிடும். குடம்பி மாதக்கணக்கில் நிலத்தினுள்ளேயே வேரையோ உக்கும் எருவையோ தின்று வளரும். மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும் வண்டு வெளிப்படும். நாற்று வாடும்வரை கமக்காரனுக்கு எதுவும் தெரியாது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இராது. இலையைத் தின்னும் பூச்சியைக் கண்ணாற் கண்டு கையாற் பிடிக்கலாம். மண்ணுள் இருப்பதை அவ்வாறு செய்தல் அரிது. கண்ணுக்குத் தெரியாத பகைவனுக்கு எதிராக நிலம் முழுவதையுமே நஞ்சாக்கிவிடலாம் என்ற எண்ணம் எழுவதற்கு இந்த மறைவே காரணமாயிற்று.

கரவெட்டி, நெல்லியடி, துன்னாலை, உடுப்பிட்டி என்று தொடரும் வடமராட்சித் தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரே பயிருக்கும் மனிதருக்கும் உரியது. பாறையின்மேல் உள்ள மண் பல இடங்களில் மிகவும் மென்படையானது. அம்மண்ணைக் காலந்தோறும் ஆக்கி வந்தவர்கள் கமக்காரரும் அவர்களிடம் வேலைசெய்த கூலியாட்களுமே. மாட்டெருவும் ஆட்டெருவும் பட்டி அடைத்துப் பெறப்பட்டன. பூவரசங் குழையும் காவிளாயும் தாழ்க்கப்பட்டன. வேலியிலும் கூரையிலும் தன் காலத்தைக் கழித்த பனையோலை இறுதியிற் தோட்டத்து மண்ணுக்கே போயிற்று. புகையிலைக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை அமைப்போர் விதை தூவுமுன் சருகும் வைக்கோலும் பரப்பி எரித்தனர். மேல்மண்ணின் புழு, முட்டை, களைவித்து ஆகியவை வெப்பத்தால் அழிந்தன. நிலத்தைக் கொத்திப் புரட்டுங்கால் பின்தொடர்ந்து வரும் காகமும் மைனாவும் கொக்கும் எஞ்சியவற்றைப் பொறுக்கின. இவற்றை எவரும் பீடைக் கட்டுப்பாடு என்று பெயரிட்டு அழைக்கவில்லை. மண்ணைப் பேணும் வேலையின் ஒரு பகுதியாகவே அவை நிகழ்ந்தன.

பழைமையைப் பொற்காலமாக்கும் எழுத்துகளுக்கு எம்மிடையே குறைவில்லை. அவற்றோடு நாம் சேர விரும்பவில்லை. தென்னையையும் பனையையும் தாக்கும் கருவண்டு இனப்பெருக்கஞ் செய்வது எருக்கிடங்கிலும் உக்கிய மரக்குற்றியிலுமேயாம். ஆகவே மண்ணுக்கு உயிர்கொடுத்த அதே எருவே வண்டின் தொட்டிலாகவும் அமைந்தது. வேம்பைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வாருக்கும் ஒன்று கூறவேண்டும். இராசஸ்தானத்தின் நிலக்கடலை நிலங்களை அழிக்கும் வெண்புழுவின் தாய்வண்டு, முதல் மழையின் இரவில் விரும்பிக் கூடித் தின்னும் மரங்களுள் வேம்பும் ஒன்றாகும். அன்றியும், குழை சுமந்தோரும் எரு காவியோரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலியாட்கள். தாம் எருவிட்ட தோட்டத்தின் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

மண்ணுள் வாழும் புழு உலக வாணிகப் பிரச்சினையாக மாறிய கதையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. 1876 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெருந்தோட்டப் பயிராகி, இங்கிருந்து பிற குடியேற்ற நாடுகளுக்குக் கன்றுகளாக ஏற்றுமதி செய்யப்பட்டது. 1909 இல் யேர்மனியரின் ஆட்சியிலிருந்த மேற்குச் சமோவாவுக்கு இலங்கையிலிருந்து சென்ற இறப்பர்க் கன்றுகளோடு கருவண்டும் சென்றது. பசுபிக் தீவுகள் அதுகாலவரை அவ்வண்டை அறிந்திருக்கவில்லை. அங்கே அதை உண்ணும் பகையுயிர்களோ நோய்களோ இல்லாமையால் தென்னந் தோப்புகளில் விரைந்து பரவிற்று. வண்டையும் புழுவையும் தேடிப் பொறுக்கிக் கொடுக்கும்படி சமோவா மக்களுக்கு ஆட்சியாளர் ஆணையிட்டனர். கன்றை வாங்கியவரும் விற்றவரும் தோட்ட முதலாளிகள்; புழுவைப் பொறுக்கியவர் தீவின் குடிமக்கள். குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் இலாப நட்டக் கணக்கு இத்துணைத் தெளிவாக வெளிப்படும் சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

ஏழாண்டுகள் கழித்து இதே வகையான நிகழ்ச்சி உலகின் மறுபுறத்தில் நேர்ந்தது. 1916 இல் அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்து றிவர்ற்றன் என்னும் ஊரின் நாற்றுப்பண்ணை ஒன்றிலே யப்பானிய வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பூச்செடிக் கிழங்குகளைச் சுற்றியிருந்த மண்ணோடு அதன் குடம்பிகள் யப்பானிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கொள்கை. நடுத்தர வர்க்கத்தினரின் வீட்டு முற்றங்களிலும் கோல்ப் மைதானங்களிலும் விரிந்து கிடந்த புற்றரைகள் அவ்வண்டுக்கு மிகவும் வாய்ப்பான மேய்ச்சல் நிலமாயின. புல்லின் வேரைக் குடம்பி தின்ன, கம்பளத்தைச் சுருட்டுவதுபோலப் புற்றரையைச் சுருட்டி எடுக்கக்கூடியதாயிற்று. நாற்றுப்பண்ணைகளுக்கோ வேறொரு நெருக்கடி: வண்டு பரவிய பிரதேசத்திலிருந்து மண்ணோடு கூடிய செடியை வெளியே அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. செடியின் வேர்மண் நஞ்சூட்டப்பட்டது என்று சான்று கிடைத்தாலன்றி அது சந்தைக்குப் போகாது.

மண்ணுக்கு நஞ்சிடும் தொழில்நுட்பம் முறையாக வளர்ந்த களங்களுள் இது முக்கியமானது. இதனை நாம் வலியுறுத்தக் காரணமுண்டு. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் வேரைத் தாக்கிய பேனுக்கு எதிராக 1870களிற் பயன்பட்ட காபன் இருசல்பைட்டு இங்கேயும் எடுத்தாளப்பட்டது. 1890களில் அந்துப்புழுக்களுக்காக ஆக்கப்பட்ட ஈய ஆசனேற்று, ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான இறாத்தல் என்ற அளவிலே புற்றரை மண்ணிற் கலக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி., குளோர்டேன், அல்டிறின், டீல்டிறின் என்னும் குளோரீன் சேர்ந்த சேதனச் சேர்வைகள் அதனிடத்தைப் பிடித்தன. ஒருமுறை இட்டால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் அழியாது நிற்றல் அவற்றின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. பின்னர் அவற்றின்மீது சுமத்தப்பட்ட குற்றமும் அதுவே.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. கோல்ப் மைதானத்துப் புல்லுக்கும் எமது பிரதேசத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானியக் கோல்ப் மைதானங்களில் மண்புழுக்களை வெளியேற்றிக் கொல்வதற்கு இந்தியாவிலிருந்து இறக்குமதியான இலுப்பையினப் பிண்ணாக்குத் தூளே பயன்பட்டது. எம்மூரில் அரப்பாக அரைத்துத் தலைமுழுகிய பொருள், அங்கே மண்ணின் நண்பனாகிய மண்புழுவைக் கொல்லும் மருந்தாயிற்று. புழு வெளியேற்றும் சிறு மண்கும்பம் பந்து உருள்வதற்கு இடையூறாம்! எது பீடை, எது பீடையன்று என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை; நிலத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

டீல்டிறினின் விலை எவ்வளவு என்பது 1954 முதல் இலினோய் மாநிலத்து ஷெல்டன் என்னும் பண்ணைப் பிரதேசத்திலே தெரியவந்தது. யப்பானிய வண்டின் குடம்பியை ஒழிப்பதற்கு ஏக்கருக்கு 3 இறாத்தல் வீதம் அது விமானத்திலிருந்து தூவப்பட்டது. நஞ்சுண்ட புழுக்கள் நிலத்தின் மேல் வந்து கிடந்தன. அவற்றைத் தின்ற பறவைகள் மடிந்தன. பண்ணைப் பூனைகளும் பெரும்பாலும் இறந்தொழிந்தன. றேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலின் வலிமையான பகுதிகளுள் இந்நிகழ்ச்சி பற்றியதும் ஒன்று. அந்நூலைப் பறவைகளுக்காக எழுந்த புலம்பலாகக் கருதுவோர் உளர். அப்பிரதேசத்தின் நிலத்தையும் நீரையும் பற்றிய முடிவை எடுத்தவர் யார், அதன் விளைவைச் சுமந்தவர் யார் என்ற வினாவே அதன் உட்கிடை என்பது எமது கருத்து.

இலங்கைக்கு இச்சேர்வைகள் விவசாயத்தின் வழியாக அன்றி, மருத்துவத்தின் வழியாகவே பெருமளவில் வந்தன. 1934-35 இன் கொடிய மலேரியாக் கொள்ளைநோயை அனுபவித்த நாட்டுக்கு, 1940களின் பிற்பகுதியில் வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்ட டி.டி.ரி. ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். அந்த நன்றியுணர்வை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயின் உயிர்காத்த தூள் என்ற நற்பெயர் அதன் இனத்தைச் சேர்ந்த ஏனைய தூள்களுக்கும் சென்றது. மக்கள் அவை அனைத்தையும் ‘மருந்து’ என்றே அழைத்தனர். நோயாளி உண்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. ஆங்கிலத்தில் இரு வேறு சொற்களாக நிற்பவை எம்மொழியில் ஒரு சொல்லாயின. அச்சொல் தந்த நம்பிக்கை சிறிதன்று.

1970-77 காலப்பகுதியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டச் செய்கை பெருவளர்ச்சி கண்டமை பலராலும் எழுதப்பட்ட செய்தி. பரப்புத் தோட்டக்காரனும் கையிற் காசு கண்டான். கல்வீடுகள் எழுந்தன, இறைப்பு இயந்திரங்கள் பெருகின. ஒரு போகம் முடிய அடுத்த போகம் என நிலம் ஓய்வின்றிப் பயிர்செய்யப்பட்டது. ஓய்வற்ற நிலத்திலே புழுவுக்கும் உணவு ஓய்வதில்லை. விளைபொருளின் விலை உயர்ந்திருந்தமையால் மருந்துக்கான செலவும் கட்டுப்படியாயிற்று. குழையும் ஓலையும் தாழ்க்க ஆள் வேண்டும். மருந்துக்கு ஒரு டின் போதும். 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையினால் விளைபொருளின் விலை வீழ்ந்தது. மருந்துப் பழக்கமோ வீழவில்லை. குறைந்த விலைக்குக் கூடுதலாக விளைவிக்கவேண்டிய நிர்ப்பந்தம் அதனை மேலும் இறுக்கிற்று என்றே கொள்ளவேண்டும்.

மண்ணிலிடும் மருந்தின் தன்மையும் இக்காலத்திலே மாறிற்று. இம்மாற்றத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். எமது பிரதேசத்தைப் பொறுத்தவரை வரலாற்றின் திருப்பம் இங்கேதான் உள்ளது. அல்டிறின், டீல்டிறின் போன்றவை நீரில் மிகச் சிறிதளவே கரைவன. மண்ணின் சேதனப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நெடுங்காலம் கிடப்பன. உலகெங்கும் அவை கைவிடப்பட்டபோது, மண்ணிலிடும் மருந்தாக அவற்றின் இடத்துக்கு வந்தவற்றுள் காபோபியூரன் போன்ற காபமேற்றுக் குறுணிகள் முக்கியமானவை. அவை விரைவில் அழிவன. ஆதலால் பாதுகாப்பானவை எனப்பட்டன. ஆனால் அவை நீரிலே நன்கு கரைவன. கரைந்தாலன்றி வேர் அவற்றை உறிஞ்சாது. களிமண் தடித்த நிலத்தில் இவ்வியல்பு பெருங்கேடு விளைக்காதிருக்கலாம். சேதனப் பொருள் குறைந்த மென்படை மண்ணும், அதன்கீழ் வெடிப்புற்ற சுண்ணக்கல்லும், சில முழ ஆழத்திலே கிணற்று நீரும் உள்ள நிலத்தில் கணக்கு வேறு. மண்ணில் நின்று மண்ணைக் கெடுத்த நஞ்சு போய், நீரோடு இறங்கும் நஞ்சு வந்தது. முன்னேற்றம் எனப்பட்ட ஒன்று கிணற்றுக்கு ஓரடி நெருங்கி வந்தது என்றே கூறவேண்டும்.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு இரு சான்றுகள் போதும். நியூ யோர்க் மாநிலத்தின் லோங் தீவும் எமது குடாநாட்டைப் போல நிலத்தடி நீரையே நம்பியது. அதன் மணல் நிலத்திலே உருளைக்கிழங்கு விளைந்தது. உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக மண்ணில் இடப்பட்ட அல்டிகாப் என்னும் காபமேற்று, 1979 இல் அங்குள்ள குடிநீர்க் கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே அத்தீவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மற்றைய சான்று பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மாத்தினிக், குவாதலூப் தீவுகளிலிருந்து வருகிறது. வாழையின் கிழங்கைத் துளைக்கும் வண்டுக் குடம்பிக்காக 1972 முதல் 1993 வரை அங்கே குளோர்டெக்கோன் இடப்பட்டது. அமெரிக்காவில் அதன் உற்பத்தித் தொழிலாளர் நஞ்சுற்றமை 1975 இலேயே வெளிப்பட்டு அந்நாட்டிலே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. பிரான்சும் 1990 இல் அதனைத் தடைசெய்தது. எனினும் தோட்ட உடைமையாளரின் பொருட்டு அத்தீவுகளுக்கு மேலும் மூன்றாண்டுகள் விலக்களிக்கப்பட்டது. இன்று அத்தீவுகளின் வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் அதிகமானோரின் குருதியில் அச்சேர்வை உளது. நீர்வேலியிலும் கோப்பாயிலும் வாழை வளர்ப்போர் அறிந்த அதே வண்டுதான் அங்கும்.

குடாநாட்டின் கிணற்றுநீர் பற்றி 1980களின் தொடக்கத்திலிருந்து வெளிவந்த ஆய்வுகள் முதன்மையாக நைத்திரேற்றைப் பற்றியவை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைக்கு மேலாக அது காணப்பட்டது. உரமாக இடப்பட்ட யூரியாவும் எருவும் கக்கூசுக் குழிகளும் அதற்குக் காரணமெனக் காட்டப்பட்டன. மேலிடுவது கீழிறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நைத்திரேற்று சென்ற வழியே கரையக்கூடிய பிறவும் செல்லும்.

கிணற்றைச் சமூகவியல் நோக்கிலும் பார்த்தல் அவசியம். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் எழுந்த மண் வடமராட்சி. அப்போராட்டங்களின் அடியில் நீர் பற்றிய வினாவும் இருந்தது. சொந்தக் கிணறு அற்ற குடும்பங்கள், பிறர் அள்ளி வார்க்கும் வரை காத்து நின்றன. அல்லது தோட்டக் கிணற்றின் இறைப்பு வாய்க்காலில் நீர் எடுத்தன. வீட்டு வளவின் கிணற்றிலும் தோட்டத்துக் கிணற்றின் நீர் நஞ்சிட்ட நிலத்துக்கு மிக அண்மையானது. நஞ்சுத் தூளைச் சாம்பலோடோ மணலோடோ குழைத்து வெறுங்கையால் தூவிய கூலியாளும், அந்நீரையே குடித்த குடும்பமும் பல வேளைகளில் ஒன்றே.

இனி, கிணற்றை விடவும் நேரடியான ஒரு வழியால் வந்த அழிவைக் கூறாதிருத்தல் இயலாது. ஜெயரத்தினமும் அவருடன் ஆய்ந்தோரும் 1982 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, பீடைநாசினி நஞ்சேற்றத்தால் இலங்கையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதையும் அவர்களுள் ஏறக்குறைய 1,000 பேர் இறப்பதையும் காட்டிற்று. பெரும்பான்மை தற்கொலை முயற்சிகள். வறுமை, கடன், குடும்ப முரண்பாடு, பின்னர் போர் ஆகியவை மனிதரை விளிம்புக்குத் தள்ளின. ஆனால் அக்கணத்தின் துயர் மரணமாக முடிந்தமைக்கு, அடுக்களை மூலையில் அத்துணைக் கொடிய நஞ்சு ஆயத்தமாக இருந்தமையும் காரணம். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் கொடிய சேர்வைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன: 1984 இல் பரதையோன், 1995 இல் அதியுயர் நச்சுத்தன்மை கொண்டவையாய் எஞ்சியிருந்தவை, 1998 இல் என்டோசல்பான். 1995 இல் உச்சத்தை எட்டியிருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. இந்நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றிலே பெருமைப்படத்தக்க சாதனைகளுள் இது ஒன்று. சட்டம் எதையும் மாற்றாது எனும் விரக்திவாதிகளுக்கு நாம் சுட்டிக்காட்ட விரும்பும் உதாரணமும் இதுவே.

வடமராட்சிக்கு இடையில் வேறொரு காலம் வந்தது. 1987 மே மாதத்தின் இராணுவ நடவடிக்கையும், 1990 முதல் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையும் உரத்தையும் எரிபொருளையும் அரும்பொருளாக்கின. தோட்டங்கள் எருவுக்கும் குழைக்கும் மீண்டன. சிலர் அதனை இயற்கை விவசாயத்தின் மறுமலர்ச்சி என வருணித்துள்ளனர். முற்றுகையின் பயனை மறுமலர்ச்சி எனல் பொருந்தாது. தெரிவு செய்து திரும்பியதன்று அது. தடை நீங்கியதும் மருந்தும் உடனே திரும்பிற்று என்பது இதனை உறுதிப்படுத்தும். 2021 இல் நாடு முழுவதற்கும் ஓரிரவில் விதிக்கப்பட்ட இரசாயன உர, பீடைநாசினி இறக்குமதித் தடை, சில மாதங்களிலேயே கைவிடப்பட்டமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மேலிருந்து விழுந்த தடை இரண்டிலும், மண்ணைப் பேணும் உழைப்பை யார் செய்வது, அதற்கான செலவை யார் தாங்குவது என்ற வினா எழுப்பப்படவேயில்லை.

நஞ்சல்லாத வழி விஞ்ஞானத்துக்குத் தெரியாததன்று. 1879 இல் ஒடெசாவிலே மெச்னிகோவ், கோதுமையை அழித்த வண்டின் குடம்பிகளைத் தாக்கும் பச்சைப் பூஞ்சணத்தை ஆய்ந்து, அதனை வளர்த்து மண்ணிலிடலாம் எனக் கூறினார். அதன் இனங்கள் இன்றும் எருக்கிடங்கில் கருவண்டுப் புழுவுக்கு எதிராகப் பயன்படுகின்றன. 1963 இல் மலேசியாவில் ஹியூகர் கண்டறிந்த கருவண்டு வைரசு 1967 இல் சமோவாவில் விடப்பட்டது. இலங்கைக் கன்றோடு சென்ற வண்டை அறுபதாண்டுகளின் பின் அடக்குவதில் அது பெரும்பங்கு வகித்தது. இராசஸ்தானத்தில், முதல் மழை இரவுகளிலே ஊர் முழுவதும் ஒன்றுகூடி மரங்களை உலுப்பி வண்டைப் பிடித்தல் முக்கிய முறையாயிற்று. இவையனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: ஒருவர் தம் வேலிக்குள் மட்டும் செய்து பயனடைய இயலாது. வண்டு பறக்கும், பூஞ்சணம் பரவும். டின்னில் அடைத்த தூளோ தனியொருவர் வாங்கித் தனியொருவர் நிலத்தில் இடுவது. சந்தைக்கு உகந்தது அதுவே.

கரவெட்டியின் காணி உறுதிகளைப் பார்ப்போர், பரப்பளவுக்கும் எல்லைகளுக்கும் அடுத்ததாகக் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். நான்கு தோட்டத்துக்கு ஒரு கிணறு, முறைவைத்து இறைப்பு, துலாவுக்கும் பங்கு. நீரைப் பகிரும் முறையை இத்துணை நுணுக்கமாக வகுத்த சமூகம், அந்நீருள் இறங்குவதைப் பற்றி உறுதியில் ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை எருவும் குழையும் இட்ட காலத்தில் இருந்திராது. பங்குக் கிணறுகளின் நீரைப் போகந்தோறும் நைத்திரேற்றுக்கு மாத்திரமன்றி மண்ணிலிடும் மருந்துகளுக்கும் சோதித்து, பெறுபேற்றைப் பங்காளர் அனைவருக்கும், பங்கின்றி அங்கே நீர் அள்ளுவோருக்கும் தமிழில் அறிவிக்கும் வேலையைக் குடாநாட்டின் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் பிரதேச சபைகளும் கூடிச் செய்யலாம். கரவெட்டியில் அதனைத் தொடங்குவதற்குக் கிணறுகளின் பட்டியல் ஒன்றே முதல் தேவை. அப்பட்டியலின் பெரும்பகுதி அவ்வுறுதிகளிலேயே கிடக்கிறது.